ஐந்து விழுக்காடும் இரண்டு காசும்

சாரல் காலத்தில் விடியற்காலையில் தென்காசி இரயிலடியில் இறங்குகிறவர்களை ஒரு பார்வையிலேயே இரு கூட்டமாகப் பிரித்துவிடலாம். தோளில் துண்டும் பையில் எண்ணெய்ப் புட்டியுமாகக் குற்றாலத்திற்கு விரைகிறவர்கள் ஒரு கூட்டம். மூட்டை முடிச்சுகளோடு சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள் மறு கூட்டம். இரண்டிலும் சேராமல், ஈரக்காற்றில் சற்று நின்று மேற்கே மலைமேல் கவிந்திருக்கும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கையிலிருந்த பயணச்சீட்டைத் திருப்பிப் படித்தோம். பயணத்திற்கு ஆகும் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டை மட்டுமே பயணிகளிடமிருந்து இரயில்வே பெறுகிறது என்ற செய்தி அதில் அச்சாகியிருந்தது. சில ஆண்டுகளாகவே இரயில்வே இந்த நினைவூட்டலைப் பயணச்சீட்டுகளில் அச்சிட்டு வந்திருக்கிறது. படிப்பவர் மிகச் சிலர். படித்தவருள்ளும் பெரும்பாலோர், ஏதோ நம்மைக் குத்திக்காட்டுகிறார்கள் என்று எண்ணிச் சீட்டைக் கசக்கி எறிந்திருப்பார்கள்.

நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. மீதி 43 விழுக்காட்டைக் கொடுத்த புண்ணியவான் யார்? பெரும்பாலும் சரக்கு வண்டிகளின் வருமானமே அந்தக் குறையை ஈடுசெய்கிறது என்பது பலரும் அறிந்த செய்தி. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் உணவுதானியத்திற்கும் கூடுதலாகக் கட்டணம் வாங்கி, நம்மைக் குறைந்த கட்டணத்தில் ஏற்றிச் செல்கிறார்கள். ஆகவே, என்றுமே இரயில் ஏறாத ஒரு குடிசைக்காரி, தன் வீட்டு விளக்குக்கும் அடுப்படி அரிசிக்கும் கொடுக்கும் விலையில் ஒரு துளியை நம் குற்றாலப் பயணத்திற்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். அருவி நீர் எவருடைய பணத்திலும் விழுவதில்லை. நல்லோர் மேலும் தீயோர் மேலும் ஒன்றுபோல் பெய்யும் மழையின் பங்கு அது. அருவிக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்க்கும் பாதை அப்படிப்பட்டதன்று. அதற்கு எப்போதும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அந்த ஒருவர் யார், அவரிடம் முன்கூட்டிக் கேட்டார்களா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்தப் பாதையின் வயதைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902-இலும், அங்கிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை 1903-இலும் மீட்டர் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது. மலைக்கு அப்பால் கொல்லத்திலிருந்து புனலூர் வரை 1904 ஜூனில் வண்டி வந்தது. இரண்டு முனைகளையும் இணைக்கும் மலைப்பாதை அவ்வாண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. அக்காலத்தில் தென்காசி பிரிட்டிஷ் ஆட்சியின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாளில்தான் செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது. இரண்டு அரசுகளின் எல்லையைக் கடந்து, குகைகளைக் குடைந்து, பள்ளத்தாக்குகளில் கல்தூண்களை எழுப்பி, ஆரியங்காவுக் கணவாய் வழியாக இப்பாதை சென்றது. கழுதுருட்டிக்கு அருகே நிற்கும் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்தவர்கள் இந்த வேலையின் அருமையை உணர்வார்கள்.

இத்தகைய மலைப்பாதையில் தன் சொந்தப் பணத்தைப் போட எந்த வணிகன் துணிவான்? வண்டியில் ஏற்ற மிளகும் தேங்காயும் தேயிலையும் உண்டு, மறுபக்கம் போக அரிசியும் பருத்தியும் உண்டு என்றாலும், குகை குடையும் செலவுக்கு அவை ஈடாகுமா என்பது எவருக்கும் தெரியாது. பாதையை அமைத்தது தென்னிந்திய இரயில்வே கம்பெனி. பெயரைக் கேட்டால் தனியார் முயற்சி என்றே தோன்றும். ஆனால் முதலுக்கு வட்டி கிடைக்கும் என்ற உறுதிமொழியை அரசுகளே கொடுத்தன; திருவிதாங்கூர் எல்லைக்குள் அமைந்த பகுதிக்குச் சமஸ்தானம் அந்தப் பொறுப்பை ஏற்றது. கம்பெனியின் கை, அரசின் பை. இந்த ஏற்பாடு நம் பகுதிக்கு வந்துசேர்வதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தியாவில் வேரூன்றியிருந்தது.

1840களில் இலண்டனில் இந்திய இருப்புப்பாதைக் கம்பெனிகளைத் தொடங்கியவர்கள், அரசின் உறுதிமொழி இல்லாமல் பங்குகள் விற்கமாட்டா என்பதை விரைவிலேயே கண்டுகொண்டார்கள். பல ஆண்டுப் பேரத்திற்குப் பின், 1849-இல் கிழக்கிந்தியக் கம்பெனி முதல் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. அவற்றின் சாரம் இதுதான்: பாதைக்கு வேண்டிய நிலத்தை அரசு இலவசமாகக் கொடுக்கும். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமானத்தை அரசு உறுதிசெய்யும். பாதை அதற்குக் குறைவாகச் சம்பாதித்தால் குறையை இந்திய அரசு தன் வரி வருவாயிலிருந்து நிரப்பும். மிகுதியாகச் சம்பாதித்தால் மிகுதியில் கம்பெனிக்கும் பங்கு உண்டு. விரும்பினால் கம்பெனி பாதையை அரசிடம் ஒப்படைத்துவிட்டு, போட்ட முதலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நம் தமிழகத்தில் 1856 ஜூலை முதல் நாளில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் வண்டி இந்த ஏற்பாட்டின் குழந்தை. வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலத்திற்குச் செல்லும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய நாகப்பட்டினத்தைத் தஞ்சையோடும் திருச்சியோடும் 1861-62 ஆண்டுகளில் இணைத்த கம்பெனியும் இதே உறுதிமொழியின் பலத்தில் பிறந்ததுதான்.

விளைவு என்ன? தொடக்கத்தில் மைலுக்கு 8,000 பவுன் போதும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1860களின் இறுதியில் உறுதிமொழி பெற்ற பாதைகளின் செலவு சராசரியாக மைலுக்கு ஏறத்தாழ 18,000 பவுனைத் தொட்டிருந்தது. இந்தக் கூடுதல் முழுவதையும் ஊதாரித்தனம் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. தண்டவாளமும் இயந்திரமும் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி பல இடங்களில் வேலையைக் குலைத்தது. இந்நாட்டு ஆறுகளின் குணம் வெள்ளைப் பொறியாளர்களுக்குப் பிடிபடக் காலம் ஆயிற்று. ஆனாலும் சிக்கனமாகக் கட்டவேண்டும் என்ற கவலை எவருக்கும் இல்லாமற்போனது என்பதை அக்கால அதிகாரிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்திய அரசின் நிதித்துறையை நடத்திய வில்லியம் மாசி, 1872-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது மனம் திறந்து பேசினார். ஐந்து விழுக்காடு உறுதியாகக் கிடைக்கும்வரை, தான் கொடுத்த பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறினாலும் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் இலண்டன் முதலாளிக்கு ஒன்றுதான் என்பது அவருடைய சாட்சியத்தின் கருத்து. வைஸ்ராயாக இருந்த லாரன்சும், இலாபமெல்லாம் கம்பெனிகளுக்கு, நட்டமெல்லாம் அரசுக்கு என்று மனம் கசந்து எழுதினார். பின்னர் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது. ஒரு காலத்தில் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய், 1890களில் 1 ஷில்லிங் 4 பென்சுக்கும் கீழே இறங்கியது. இலண்டனில் பவுனாகக் கொடுக்கவேண்டிய வட்டிக்காக இங்கே முன்னைவிட அதிக ரூபாய் வசூலிக்கவேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை இந்திய இருப்புப்பாதைகள் மொத்தக் கணக்கில் அரசுக்கு நட்டத்தையே தந்தன.

இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு மத்தேயு நற்செய்தியின் தாலந்து உவமை நினைவுக்கு வருகிறது. அதில் வரும் மூன்றாம் பணியாளனை நாம் அறிவோம். இழந்துவிடுவோமோ என்று அஞ்சித் தன் தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவன். தலைவரின் சினத்திற்கு ஆளானவன். அவனுக்காகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு: புதைத்து வைத்ததற்கு அவன் கூலி கேட்கவில்லை. இலண்டன் பங்குதாரரோ அவனைவிடக் கெட்டிக்காரர். எந்த இழப்புக்கும் அஞ்சத் தேவையில்லாத இடத்தில் தாலந்தைப் புதைத்துவிட்டு, ஆண்டுதோறும் வட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் இரண்டு பணியாளர்களைப் போல 'முயற்சியாளர்' என்ற பெயரும் அவருக்கே கிடைத்தது. லூக்கா நற்செய்தியிலோ, கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொல்கிறார். வேறொருவன் பணத்தில் கோபுரம் கட்டுகிறவனுக்கு அப்படி உட்காரவேண்டிய அவசியமே எழுவதில்லை.

இவ்வளவும் கேட்ட வாசகர், ஆகவே அரசு ஒதுங்கிக்கொண்டு தனியாரை அவர்கள் பணத்தில் கட்டவிட்டிருந்தால் எல்லாம் நன்றாயிருந்திருக்கும் என்று முடிவுகட்டக்கூடும். அமெரிக்க வரலாற்றைப் படித்தவர்கள் இப்படி வாதிடுவது உண்டு. அங்கே யூனியன் பசிபிக் கம்பெனியும் சென்ட்ரல் பசிபிக் கம்பெனியும் 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் 48,000 டாலர் என்று அரசுக் கடன் பத்திரங்களும் அவற்றோடு ஏராளமான நிலமும் பெற்றன. 1872-இல் பெரும் ஊழல் ஒன்று அம்பலமாயிற்று. 1893-இல் யூனியன் பசிபிக் நொடித்துப்போனது. அதே 1893-இல் ஜேம்ஸ் ஹில் என்பவர், அத்தகைய அரசு உதவி பெறாமலே தம் பாதையைப் பசிபிக் கரைவரை கொண்டுசேர்த்தார். அழகான கதைதான். ஆனால் ஹில் தம் முயற்சியைத் தொடங்கிய பழைய சிறிய பாதைக்கு மின்னசோட்டாவில் இலவச நிலம் கிடைத்திருந்தது என்பதைக் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள்.

நம் ஊரிலேயே இதற்கொரு சோதனை நடந்தது. ஐந்து விழுக்காட்டு உறுதிமொழி இல்லாமல், சிறு உதவித்தொகையை மட்டும் நம்பி, இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற ஒன்று அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை ஏறத்தாழ 19 மைல் பாதை அமைத்தது. 1865-இல் வண்டி ஓடியது. தன் பணம் என்பதால் தண்டவாளத்தின் அகலத்தையே 3 அடி 6 அங்குலமாகக் குறைத்துக் கட்டினார்கள். சிக்கனம் இருந்தது, வளர்ச்சி இல்லை. பங்கு வாங்க ஆளில்லாமல், கடைசியில் அவர்களும் அரசிடம் உறுதிமொழி கேட்டு நின்றார்கள். கர்நாடிக் இரயில்வே என்று பெயர் மாறி, 1874-இல் நாகப்பட்டினக் கம்பெனியோடு இணைந்து, அதுவே தென்னிந்திய இரயில்வே ஆயிற்று. ஆக, உறுதிமொழி இருந்த இடத்தில் கணக்கு இல்லை. உறுதிமொழி இல்லாத இடத்தில் பாதையே அதிகம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நம் முன்னோர் அகப்பட்டுக்கொண்டார்கள்.

அகப்பட்டவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. வரி வருவாய் என்று ஏட்டில் ஒரே சொல்லில் எழுதப்பட்டது நிலவரியும் உப்புவரியுமாகக் குடிமக்களிடம் திரட்டப்பட்ட பணமே. தென்னிந்திய இரயில்வே 1876 சனவரியில் திருநெல்வேலியை அடைந்தது. அதே ஆண்டில் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். இருப்புப்பாதை பஞ்சம் பாதித்த ஊர்களுக்குத் தானியத்தைக் கொண்டுவந்தது உண்மை. விலை அதிகம் கிடைக்கும் ஊருக்குத் தானியத்தைக் கொண்டுபோனதும் உண்மை. கையில் காசில்லாதவனுக்கு, இரயிலடியில் மூட்டை அடுக்கியிருந்து என்ன பயன்? கோதாவரியிலும் கொள்ளிடத்திலும் அணை கட்டிய ஆர்தர் காட்டன், இருப்புப்பாதையில் கொட்டிய பணத்தைப் பாசனத்திலும் நீர்வழிப் போக்குவரத்திலும் போட்டிருந்தால் மக்கள் பிழைத்திருப்பார்கள் என்று முதுமைவரை வாதாடினார். அவர் சொன்னதிலும் மிகை உண்டு. அவர் ஆதரித்த கர்நூல்–கடப்பைக் கால்வாய், இதே ஐந்து விழுக்காட்டு உறுதிமொழியோடு ஒரு கம்பெனி வெட்டியதுதான். அது படுதோல்வியடைந்து 1882-இல் அரசின் தலையில் விழுந்தது. பஞ்சத்தை ஆராய்ந்த குழுவோ 1880-இல், இன்னும் 5,000 மைல் இருப்புப்பாதை உடனடியாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. செங்கோட்டைக்குப் பாதை வந்தது அந்தப் பரிந்துரைக்குப் பின் விரைந்து பாதைகள் பெருகிய காலத்தில்தான்.

கோவில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். எல்லாம் அவளுடைய தாராளத்தைப் புகழ்பவை. ஆனால் மாற்கு நற்செய்தியில் அந்தக் காட்சிக்குச் சற்று முன்னரே, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களை ஆண்டவர் கடிந்துகொள்கிறார் என்பதைக் கவனித்தால் மனம் திடுக்கிடுகிறது. அவள் பிழைப்புக்கு வைத்திருந்த அனைத்தையும் போட்டுவிட்டாள் என்று அவர் சொன்னபோது அவர் குரலில் பாராட்டு மட்டும் இருந்ததா, துயரமும் கலந்திருந்ததா? அவளாவது தானே விரும்பிப் போட்டாள். தாது வருடத்தில் உப்புக்கு வரி கொடுத்தவளிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. அவளுடைய காசும் ஏதோ ஒரு வழியில் இலண்டன் பங்குதாரரின் ஐந்து விழுக்காட்டில் சேர்ந்தது.

கேட்டுப் பெறும் வழி ஒன்றும் இருந்தது என்பதற்குத் தஞ்சை மாவட்டம் சான்று. அங்கே மாவட்டப் போர்டு, நில வரியோடு ரூபாய்க்கு மூன்று பை என்று இருப்புப்பாதைக்கென்றே தனி வரி விதித்துப் பணம் சேர்த்தது. சேர்ந்த பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை கட்டி, 1894-இல் திறந்தது. ஓட்டுகிற வேலையைக் கம்பெனியிடம் விட்டாலும் பாதை போர்டின் சொத்தாகவே இருந்தது. வருமானம் மாவட்டத்திற்கே வந்தது. நம் திருநெல்வேலி மாவட்டப் போர்டும் இவ்வழியைப் பின்பற்றியது. 1923-இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை போர்டின் உடைமையாக இருந்தது. கொடுக்கிறவனும் பயன்பெறுகிறவனும் ஒரே சீமையைச் சேர்ந்தவர்கள். பாதை எந்த ஊர் வழியாகப் போகவேண்டும் என்று சண்டையிடவும், வசூல் எங்கே போயிற்று என்று கேட்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. நிலமில்லாத கூலிக்காரனுக்கு அந்தப் போர்டில் குரல் ஏது என்று கேட்டால், இல்லைதான். வாக்குரிமையே சொத்துள்ளவனுக்கு மட்டும் இருந்த காலம் அது. ஆயினும் ஹூக்ளியில் பணத்தைக் கொட்டினாலும் கவலையில்லை என்ற மனநிலைக்கும், மூன்று பைக்குக் கணக்குக் கேட்கும் மனநிலைக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931-இல் வெளியிட்ட சுற்றுமடலில் வகுத்துக்கொடுத்த துணைநிலைக் கோட்பாட்டை இங்கே நினைத்துக்கொள்கிறோம். சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்ளலாகாது. சிறியதன் ஆற்றல் முடியும் இடத்தில் பெரியது கைகொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். மானியத்தைக் குறிக்கும் 'சப்சிடி' என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தக் கோட்பாட்டின் பெயரும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. 'சுப்சீதியும்' என்றால் போர்க்களத்தில் முன்வரிசைக்குப் பின்னால் துணைக்கு நிறுத்திவைக்கும் படை என்று பொருள். முன்வரிசை போரிடுவதால்தான் அதற்குத் துணைப்படை என்று பெயர். முன்வரிசை கூடாரத்தில் படுத்துக்கொண்டு, பின்வரிசையைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு, வெற்றிப்பொருளுக்கு மட்டும் கைநீட்டினால் அதற்கு வேறு பெயர் வைக்கவேண்டும்.

உதவி யாருக்குப் போகிறது என்பதும் ஒரு கேள்வி. இதே திருநெல்வேலிச் சீமையில் வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய்; மொத்த முதல் 10 இலட்சம் என்பது திட்டம். அவருக்கு எந்த உறுதிமொழியும் இல்லை. எதிரே நின்ற பிரிட்டிஷ் கம்பெனியோ, அரசின் அஞ்சல் ஒப்பந்தங்களால் வளர்ந்தது. அது கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று இன்றும் தூத்துக்குடியில் சொல்வார்கள். 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. தனியார் முயற்சியைப் போற்றுவதாகச் சொன்ன ஓர் அரசு, உண்மையான தனியார் முயற்சி ஒன்று கண்முன் வந்தபோது என்ன செய்தது என்பதை நம் கடற்கரை மக்கள் பார்த்துவிட்டார்கள்.

இவ்வளவு கணக்கையும் பார்த்தபின் மறுபடியும் செங்கோட்டை மலைப்பாதைக்கு வருகிறோம். இங்கே மனம் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. 1904 முதல் மீட்டர் பாதை நிறுத்தப்பட்ட 2010 வரை நூறாண்டுக்கு மேல் அந்த வண்டி ஏறி இறங்கியது. தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள், கொல்லத்து முந்திரியைப் பிழைப்பாகக் கொண்டவர்கள், மலைக்கு அப்பால் பெண் கொடுத்தவர்கள், நோயாளிகள், மாணவர்கள், அருவியில் குளிக்க வந்தவர்கள் என்று எத்தனை தலைமுறை! அகலப்பாதையாக மாற்றி 2018-இல் மீண்டும் வண்டி விட்டபோது, இருபுறத்து மக்களும் காட்டிய மகிழ்ச்சியை எந்த வரவுசெலவுப் புத்தகத்தில் எழுதுவது? வட்டிக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் குகையை எவரும் குடைந்திருக்கமாட்டார்கள். சந்தையின் விதிகளால் மட்டும் காக்கப்பட முடியாத பொதுநன்மைகள் உண்டு, அவற்றைக் காப்பது அரசின் கடமை என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991-இல் எழுதியதும், அதே மடலில், எல்லாவற்றையும் தானே செய்யப் புகும் அரசு மக்களின் பொறுப்புணர்வை உலர்த்திவிடும் என்று எச்சரித்ததும் நம் மலைப்பாதைக்கு ஒருங்கே பொருந்துகின்றன.

ஆகவே பாதை வேண்டியதில்லை என்று நாம் சொல்லவில்லை. அரசு உதவியது தவறு என்றும் சொல்லவில்லை. முடிவெடுத்தவன் ஒருவன், இழப்பைச் சுமந்தவன் வேறொருவன் என்று ஆனதே அதில் இருந்த அநீதி. தனியார் என்ற பெயரிலும் அது நடக்கும், அரசு என்ற பெயரிலும் நடக்கும், திருச்சபை என்ற பெயரிலும் நடக்கக்கூடும்.

கடைசியாகச் சொன்னது வாசகரை உறுத்தினால் நல்லதே. இருப்புப்பாதைகளுக்கு உறுதிமொழி கொடுத்த அதே காலத்தில், 1854-இல், சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையின் வழியாகத் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறை இந்நாட்டில் வேரூன்றியது. நம் மறைமாவட்டங்களின் பள்ளிகளுள் பல இன்றுவரை அந்த மரத்தின் நிழலில் நிற்பவை. ஆசிரியர்களின் ஊதியம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. நியமனமும் நிருவாகமும் நம் கையில் இருக்கின்றன. இதை அரசியல் சாசனம் நமக்கு அளித்த உரிமையாகக் கருதிப் பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம். இந்தப் பள்ளிகள் இல்லாவிடில் எத்தனை ஏழைக் குழந்தைகள் எழுத்தறியாமல் போயிருப்பார்கள் என்பதை நம் எதிரிகளும் மறுக்கமாட்டார்கள். ஆனாலும் கம்பெனியின் கை, அரசின் பை என்று மேலே எழுதியபோது நமக்கே பேனா சற்று நின்றது. ஒரு வகுப்பறையில் மாணவர் தொகை குறைந்துகொண்டே வரும்போது அந்த இழப்பு நம் பையில் எங்கே உறைக்கிறது? ஒரு பணியிடத்திற்குத் தகுதியுள்ள ஏழை ஒருவரும், தகுதி குறைந்த நமக்கு வேண்டியவர் ஒருவரும் போட்டியிடும்போது, தவறான தேர்வின் விலையை முப்பது ஆண்டுகள் கொடுக்கப்போகிறவர்கள் யார்? ஊதியம் கொடுக்கும் குடிமகனும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும்தான். தேர்ந்தெடுத்த நமக்கு ஐந்து விழுக்காடு எப்போதும்போல் வந்துவிடும். உப்புவரி கொடுத்தவளைப் போலவே, நம் பள்ளிக்கு ஊதியம் கொடுப்பவளும் நம் பங்கைச் சேர்ந்தவளாக இருக்கவேண்டியதில்லை. நம் மறையைச் சேர்ந்தவளாகக்கூட இருக்கவேண்டியதில்லை. அவளிடம் நாம் இதுவரை கணக்குச் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்ற எண்ணமும் நமக்கு வந்ததில்லை.

குற்றாலத்திலிருந்து திரும்பிய வாரத்தில் நம் பங்கில் ஒரு கூட்டம் நடந்தது. தொடக்கப்பள்ளிக்குப் புதிய கழிப்பறைகள் கட்டவேண்டும்; முழுச் செலவையும் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியிலிருந்து கேட்டுப் பெறலாம் என்பது பலருடைய கருத்து. பணம் வந்தால் வரட்டும், ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார், நமக்கு என்ன நட்டம் என்றார்கள். பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், பீடிக் கடையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர், எழுந்து நின்றார். "பாதி கேப்போம் சாமி, பாதி நாம போடுவோம். நம்ம துட்டு கொஞ்சமாவது அதுல கெடந்தாத்தான் சிமெண்டு மூட்டைய எண்ணிப் பாப்போம்" என்றார். சிலர் சிரித்தார்கள். பங்குத்தந்தை சிரிக்கவில்லை. அரை மணிநேரம் வாக்குவாதம் நடந்தது. முடியாதவர்களிடம் கேட்கக்கூடாது என்று ஒரு தாய் வற்புறுத்தினார், அதுவும் ஏற்கப்பட்டது. வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் கோவில் வாசலில் மேசை போட்டுப் பெயர் எழுதுவதென்றும், சேரும் தொகையையும் ஆகும் செலவையும் வாரந்தோறும் அறிவிப்புப் பலகையில், பள்ளிச்சுவருக்கு வெளிப்பக்கமாக, தெருவில் போகிறவர்களும் படிக்கும்படி ஒட்டுவதென்றும் முடிவாயிற்று.